பாப்பா இல்லாத படம் செல்லாது

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. போன பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது தங்கை மருமகள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏனுங் பெரியம்மா, எல்லாம் வெறும் செடியும் பாறையுமா இருக்குதுங். கரையான் புடிக்கறதுக்குள்ள தூக்கிப் போட்டரலாங்களா?" என்று கேட்டாள். நல்ல பெண்தான், விவரம் தெரியாமல் கேட்டுவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் டப்பாவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அன்று மத்தியானம் அவள் போட்ட சாப்பாட்டையும் தொடவில்லை. எனக்குச் சின்ன வயசிலிருந்தே கோபம் மூக்கு நுனியில்தான்.

வெறும் செடி இல்லை. அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் என் மகள் இருக்கிறாள். அதைச் சொல்லத்தான் இந்த வயசில், புரை விழுந்த கண்ணோடு, எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஏற்காட்டு மலையில், வாழவந்திக்கு அந்தப்பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். வெள்ளைக்காரத் துரையுடைய எஸ்டேட். எங்களுக்கு ஓட்டு வீடு, இரண்டு அறை, பின்னால் ஒரு பெரிய பாறை, அதிலிருந்து சரிவு முழுக்கக் காப்பிச் செடி. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அத்தை, அதாவது என் மாமியார், அப்புறம் எங்கள் பாப்பா.

துரைசானிக்கு ஒரு பைத்தியம் இருந்தது. அவளும் சீமையில் இருக்கும் அவள் தங்கையும் தினம் ஒரு படம் எடுத்து, சேர்த்து வைத்துத் தபாலில் மாற்றிக்கொள்வார்கள். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, நேற்று எடுத்ததைப் போல இன்று எடுக்கக் கூடாது என்று அவர்களுக்குள் ஒப்பந்தம். அந்தத் தபாலை ஏற்காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவர் வேலை. போகப் போக அந்தப் பைத்தியம் இவருக்கும் பிடித்துக்கொண்டது. சம்பளப் புத்தகம் எழுதுகிற மனுசர், தக்காளியில் வெயில் விழுவதைப் பார்த்து நின்றுகொண்டு சோறு ஆறிப்போகிறது என்று நான் கத்துவதைக் கேட்கமாட்டார்.

உலகச் சண்டை வந்தது. துரை பட்டாளத்துக்குப் போனார். துரைசானி பங்களாவைப் பூட்டிவிட்டுப் பெங்களூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனாள். போகும்போது தன்னுடைய பழைய பெட்டிக் கேமராவையும், ஒரு தகரப் பெட்டி நிறைய ஃபிலிம் சுருளையும் இவரிடம் கொடுத்தாள். மலை ஈரத்துக்கு ஃபிலிம் பூத்துப்போகும், அதற்குள் எடுத்துத் தீர்த்துவிடுங்கள் என்றாள். இவர் எங்கே தீர்ப்பது? துரை எழுதிக் கொடுத்த சிபாரிசில் இவருக்கும் பட்டாளத்தில் கிளார்க் வேலை வந்துவிட்டது. வேண்டாம் என்று நான் அழுதேன். அத்தையும் அழுதார். கிளம்புகிற ஆளை அழுது நிறுத்த முடியுமா?

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் என்னை வாசல்படியில் உட்காரவைத்துக் கேமராவை மடியில் வைத்தார். பெட்டிக் கேமராவை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கக் கூடாது. வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். வலது இடதாகத் தெரியும். எட்டடிக்குப் பக்கத்தில் போனால் படம் மங்கும்.

"தெனம் ஒரு படம், அம்மிணி. ஒரு சுருளுக்கு எட்டு விழும். வாரத்துக்கு ஏழு, தப்பிப் போச்சுன்னா கைகாவலுக்கு ஒண்ணு. சுருள பஸ்ஸுல சேலத்து ஸ்டூடியோவுக்குக் குடுத்துவுடு, கழுவித் தருவாங்க. நான் எங்கிருந்தாலும் எனக்கு வந்து சேரோணும்."

"உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா?" என்றேன்.

"தெனமும் வேற வேற மாதிரி எடுக்கோணும். ஆனா எல்லாப் படத்துலயும் பாப்பா இருக்கோணும். பாப்பா இல்லாத படம் செல்லாது. ஒரு நாள் தப்புனாலும் நீ தோத்த. தோத்தா வருசம் பூரா என்மேல கோவிச்சுக்கப்படாது."

"அப்படின்னா நாந்தான் ஜெயிக்கோணும். கோவிச்சுக்காம என்னால இருக்க முடியாதுங்க" என்றேன். சிரித்தார். பாப்பா எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்தாள்.

முதல் சுருள் கழுவி வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாவற்றிலும் பாப்பாவுக்குத் தலை இருக்கும் இடத்தில் புகை. அந்தக் கேமராவுக்கு ஆள் அசையாமல் இருக்க வேண்டும். எங்கள் மகளுக்கோ தூக்கத்தில்கூடக் கால் ஆடிக்கொண்டிருக்கும். அப்படியே அனுப்பினேன். 'பெண்ணை அனுப்பச் சொன்னால் பேயை அனுப்பியிருக்கிறாய்' என்று பதில் வந்தது. என்னைக் கேலி செய்தால் விடுவேனா? அப்போதுதான் இந்த ஒளியும் விளையாட்டைக் கண்டுபிடித்தேன். பாப்பாவை முழுசாக எடுக்காமல், எங்கேயாவது ஒளித்து வைத்து எடுப்பது. பலாமரத்துக்குப் பின்னால் ஒரு பாதம் மட்டும். கதவிடுக்கில் நான்கு விரல். கொடியில் காயும் போர்வைக்குக் கீழே இரண்டு கால். அவர் கண்டுபிடித்து எழுத வேண்டும்.

ஒளிந்துகொள் என்றால் அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கல்லாக உட்கார்ந்துவிடுவாள். "அப்பா கண்டுபுடிக்க மாட்டாரு, அம்மா. அப்பா தோத்துப்போவாரு" என்று செடிக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும். ஏற்காட்டு மூட்டத்தில் வேறு எந்த நிறமும் படத்தில் சரியாக விழாது, வெள்ளை மட்டும் பளிச்சென்று தெரியும். அதனால் ஒரு வெள்ளைப் பாவாடை தைத்து வைத்திருந்தேன். படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் அதைக் கட்டிவிடுவேன். அதற்கு அவள் வைத்த பெயர் 'அப்பா பாவாடை'.

அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று எழுதக் கூடாதாம். எழுதினாலும் யாரோ மையால் அடித்துவிடுவார்கள். மணல் என்று எழுதுவார். வெயில் என்று எழுதுவார். ஒருமுறை, குடிக்கிற தண்ணீரையே அளந்துதான் ஊற்றுகிறார்கள், குளித்து வாரக் கணக்காகிறது என்று எழுதியிருந்தார். தினமும் ஊற்றுத் தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வளர்ந்த பிள்ளை என்று அத்தை அன்று முழுக்கப் புலம்பினார். மற்றபடி கடிதம் முழுக்கக் கண்டுபிடிப்புத்தான். கடிதம் போய்ச் சேர ஒரு மாதம், பதில் வர ஒரு மாதம், சிலசமயம் இன்னும் அதிகம். எந்தப் படத்துக்கு இந்த பதில் என்று நாங்கள் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆடி மாதம். மழை விடவே இல்லை. பாப்பாவுக்குச் சளி பிடித்தது, காய்ச்சலானது. கம்பளிக்கு வெளியே நீட்டிய அவள் காலை அன்றைய படமாக எடுத்தேன். அடுத்த நாள் மூச்சு வாங்கியது. எஸ்டேட் லாரியில் போட்டு ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மார்ச்சளி என்றார்கள், ஊசி போட்டார்கள். திரும்பக் கொண்டுவந்தபோது என் மடியில் இருந்தவள் அசையவில்லை. நான் அசையாதே அசையாதே என்று எத்தனை நாள் அவளை அதட்டியிருப்பேன்.

அந்த மழையில் சரிவில் இறங்கி மயானத்துக்குப் போக வழியில்லை. மேஸ்திரியும் லயத்துக் கூலி ஆட்களும் எங்கள் வீட்டுக்குப் பின்னால், பாறைக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். வெள்ளைப் பாவாடையைக் கட்டித்தான் அனுப்புவேன் என்று பிடிவாதமாகக் கட்டிவிட்டேன். தலைமாட்டில் ஒரு கல் நட்டார்கள். காரியத்தன்று அத்தை தன் கையாலேயே அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தார்.

மறுநாள் கார்டை எடுத்து ஓரத்தில் கருப்பு மை தடவினேன். சாவுச் செய்தியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் எழுதுவோம். கையில் வாங்கும்போதே தெரிந்துவிடும். அத்தை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாங் கண்ணு."

"பெத்த அப்பனுக்குச் சொல்லாம இருக்கலாங்களா?"

"சாவச் சொன்னா கேட்ட எடத்துலயே தலைக்குத் தண்ணி ஊத்திக்கோணுமில்ல? குடிக்கவே தண்ணி இல்லாத மணல்ல கெடக்கறான். எங்க போயி ஊத்துவான்? ஆரு அவனத் தோள்ல புடிச்சு உக்காரவெப்பாங்க? ஈரந்தலையோட அழுதாத்தான் சாமி, அந்தத் தீ கொஞ்சமாச்சும் அடங்கும். காஞ்ச தலையோட கேட்டா மனுசன் பித்துப் புடிச்சுப் போயிருவான். அவன் வரட்டும். என் கையால ஊத்திச் சொல்றேன்."

நான் சண்டை போட்டேன். அவர் மகனை அவர் காப்பாற்றுகிறார், என் மகளை யார் நினைக்கப் போகிறார்கள் என்றுகூடச் சொன்னேன். அந்தச் சண்டை தீராமலே இருந்த ஒரு மத்தியானம் தபால் வந்தது. உறையைப் பிரித்து, வழக்கம்போல அத்தைக்குச் சத்தமாகப் படித்தேன். 'பலாமரத்துக்குப் பின்னால் தெரிவது பாப்பா கால்தானே? கட்டை விரலில் மண் ஒட்டியிருக்கிறது. கண்டுபிடித்துவிட்டேன் என்று அவள் காதில் சொல். தோற்றது அப்பா இல்லை, அவள்தான் என்று சொல்.' மாதக் கணக்குக்கு முன்னால் எடுத்த படம். நான் கடிதத்தை மடித்து வைத்தேன். கருப்பு மை தடவிய கார்டை அடுப்பில் போட்டேன்.

அவள் போன அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் படம் எடுக்கவில்லை. முந்தின சுருள்களில் கைகாவலாக எடுத்து, அனுப்பாமல் வைத்திருந்த எட்டாவது படங்கள் அந்த நாட்களை மூடிவிட்டன. அதன் பிறகு மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் கேமராவோடு வெளியே வந்தேன். எதை எடுப்பது? பாப்பா இல்லாத படம் செல்லாது. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தலையைக் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தபோது, செடிகளுக்கு நடுவே, ஓரத்தில், வெள்ளையாக அந்தக் கல் தெரிந்தது. அங்கேதான் இருக்கிறாள். வேறெங்கே போவாள்? அமுக்கினேன்.

அதன் பிறகு ஒரு நாள் விடவில்லை. ஒரே கல், ஒரே பாறை, அதை எத்தனை விதமாகத்தான் எடுப்பது என்று யாராவது கேட்டால் நான் சொல்கிறேன். பாறைமேல் ஏறி மேலிருந்து எடுத்தேன். மண்ணில் கேமராவை வைத்து, கிளைகளுக்கு அடியில் ஊர்ந்து எடுத்தேன். சமையலறை ஜன்னல் கம்பி வழியாக, மழைத்தாரை வழியாக, அத்தையின் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கிளையில் மாட்டி அதற்குள் விழவைத்து எடுத்தேன். சித்திரையில் சரிவு முழுக்கக் காப்பிப் பூ பூத்து வெள்ளையாகக் கிடந்தபோது, அத்தனை வெள்ளைக்கு நடுவில் அவளை ஒளித்து எடுத்தேன். சில நாள் மூட்டத்தில் ஒன்றும் தெரியாது, மூட்டம் விலகும்வரை நின்றுகொண்டே இருப்பேன். அந்த நேரம் மட்டும்தான் எனக்கு அழுகை வராது. வேலை இருந்தது, அதனால்.

ஒருமுறை நானே சேலத்துக்கு இறங்கி ஸ்டூடியோவுக்குப் போனேன். அந்த மனிதர் படங்களை உறையில் போட்டுக்கொண்டே, "ஏனுங்க அம்மிணி, பாப்பா ஊருக்குப் போயிருக்குதுங்களா? கொஞ்ச நாளாவே படத்துல காணமுங்களே" என்றார்.

"இருக்குதுங்க. நல்லாப் பாருங்க" என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்திருக்க வேண்டும். அவர் மறுபடி ஒரு படத்தை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அதற்கப்புறம் வந்த சுருள்களைப் பற்றி அவர் எதுவும் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரருடைய பதில் வந்தது. 'பாறைக்குப் பக்கத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது அப்பா பாவாடைதானே? அப்பாவிடமா ஒளிகிறாள்?' ஆமாம், சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று எழுதினேன். பொய் சொன்னேன் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பாவாடையும் அங்கேதான் இருந்தது, அவளும் அங்கேதான் இருந்தாள். இதில் எது பொய்?

அப்புறம் ஒரு கடிதம் வந்தது. அதை நான் அத்தைக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. 'பக்கத்துச் செடி வளர்ந்திருக்கிறது, பாப்பா வளரவே இல்லையே. அப்படியே இருக்கிறாளே. சரியாகச் சாப்பிடுகிறாளா? ஆத்தாவை ராகிக் களியில் நெய் விட்டு ஊட்டச் சொல்.' அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனார். களி கிண்டினார். நெய் விட்டார். எடுத்துக்கொண்டு போய்க் கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். காக்காய் வந்து தின்கிறவரை அவரை எழுப்ப எனக்குத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு நான் படம் எடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் போய் நிற்க ஆரம்பித்தேன். ஒரு மாதம் அரையடி, அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். கல் படத்தில் பெரிதாக விழுந்தது. அப்படித்தான் என் மகள் வளர்ந்தாள். 'இப்போது பரவாயில்லை, நன்றாக உயர்ந்துவிட்டாள்' என்று அவர் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

தகரப் பெட்டியில் சுருள் தீர்ந்துகொண்டே வந்தது. கடைசிச் சுருள்களில் பூஞ்சை பிடித்துப் படமெல்லாம் புள்ளி புள்ளியாக விழுந்தது. சண்டை முடிந்தது. வருகிறேன் என்று தந்தி வந்தது.

அவர் வரும் அன்று காலையில் அத்தை பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தார். ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "பஸ் ஸ்டாண்டுல வெச்சு ஒண்ணும் சொல்லீராத கண்ணு. அங்க தலைக்கு எங்க ஊத்தறது? ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்துரு. நான் பாத்துக்கறேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

ஏற்காட்டில் பஸ் நின்றது. இளைத்துக் கறுத்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். இந்தப்பக்கம் பார்த்தார். அந்தப்பக்கம் பார்த்தார். பக்கத்திலிருந்த மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எங்க ஒளிச்சு வெச்சிருக்கற?"

"ஊட்லதாங்க."

"சொல்லாத, சொல்லாத. நானே கண்டுபுடிக்கறேன்." பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "ஜெயிச்சுப்போட்ட அம்மிணி. ஒரு நாள் கூடத் தப்பல. நொம்பக் கெட்டிக்காரி."

எஸ்டேட் முக்குவரை லாரியில் வந்தோம். அங்கிருந்து நடை. வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். எந்தப் படத்தை எத்தனை பேரிடம் காட்டினார், யார் யார் கண்டுபிடிக்க முடியாமல் தோற்றார்கள் என்று சொன்னார். நடுவில் நின்று, பையிலிருந்து ஒரு வெள்ளைப் பாவாடையை எடுத்துக் காட்டினார். ஓரத்தில் லேஸ் வைத்திருந்தது. பட்டாளத்துத் தையல்காரரிடம் படத்தைக் காட்டி, செடி உயரத்தை வைத்து அளவு சொல்லித் தைத்ததாம். "சரியா இருக்குமில்ல?" என்றார். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நான் எத்தனை அடி முன்னால் போய் நின்றேனோ அத்தனை நீளம் இருந்தது. இருக்குமுங்க என்றேன்.

வீட்டு ஓடு தெரிந்ததும் பெட்டியைப் பாதையிலேயே இறக்கிவிட்டார். விரலை உதட்டில் வைத்து என்னைப் பேசாதே என்றார். செருப்பைக் கழற்றினார். பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு, செடிகளுக்கு நடுவே குனிந்து, அடிமேல் அடி வைத்துப் போனார். அவளைப் பின்னாலிருந்து பிடித்துத் தூக்குவதற்கு அப்படித்தான் போவார், முன்பெல்லாம். பாறைக்குப் பக்கத்தில் வெள்ளை தெரிந்துவிட்டது. அவர் முதுகு சிரிப்பில் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. கூப்பிட நினைத்தேன். கூப்பிடாமல் பின்னாலேயே போனேன்.

கடைசிச் செடியை விலக்கிக்கொண்டு எழுந்தார். கல் இருந்தது. அதன் பக்கத்தில் அத்தை நின்றிருந்தார், இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு.

அவர் கல்லைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார். பிறகு திரும்பி, பாறையை, பலாமரத்தை, சமையலறை ஜன்னலை, நான் இத்தனை நாளும் நின்று நின்று எடுத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கு எல்லாப் படமும் மனப்பாடம். அப்படியே கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். நான் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அத்தை குடத்தைச் சாய்த்தார். மடியிலிருந்த பாவாடையும் சேர்ந்து நனைந்தது.

குடம் காலியானது. அவர் தலையைத் தூக்கவில்லை.

"இன்னும் ஊத்து, ஆத்தா" என்றார்.

அத்தை காலிக் குடத்தோடு என்னைப் பார்த்தார். நாங்கள் ஒரு குடம்தான் கொண்டுவந்து வைத்திருந்தோம். நான் அதை வாங்கிக்கொண்டு ஊற்றுக்கு ஓடினேன்.